துரதிர்ஷ்டத்துக்கு ஆங்கிலத்தில் எந்தப் பெயரடை? ‘அன்லக்கி’ முதல் ‘இல்-ஃபேட்டட்’ வரை

கெட்ட நேரத்தைச் சொல்வதற்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. விதி, ஊழ், தலையெழுத்து, கொடுப்பினை இல்லை, ராசி இல்லை, நேரம் சரியில்லை, பாவம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றை நாம் இடம் மாற்றிப் பயன்படுத்துவதும் இல்லை. கண்ணெதிரே பேருந்தைத் தவறவிட்டவர் ‘எல்லாம் என் நேரம்’ என்று முணுமுணுப்பாரே தவிர, ‘ஊழ்வினை உருத்து வந்து ஊட்டியது’ என்று சொல்ல மாட்டார். இவ்வளவு நுட்பமாகத் தாய்மொழியில் பேசுகிற நாம், ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவுடன் எல்லாவற்றையும் ‘துரதிர்ஷ்டம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி, அதற்கு ‘அன்லக்கி’ அல்லது ‘அன்ஃபார்ச்சுனேட்’ என்று கைக்குக் கிடைத்த சீட்டை ஒட்டிவிடுகிறோம். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியங்கள்கூட இதனால்தான் ஆங்கிலக் காதுக்கு இடறுகின்றன.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரடைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. நடந்ததற்கு யாரை அல்லது எதைப் பொறுப்பாக்க விரும்புகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தற்செயலையா, ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட முடிவையா, அகப்பட்டுக்கொண்ட ஆளின் அப்பாவித்தனத்தையா, அல்லது யாரையுமே பொறுப்பாக்காமல் வருத்தத்தை மட்டும் பதிவு செய்யவா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் சொல் தானாக வந்து நிற்கும். இதை விளக்குவதற்குத் தனித்தனி உதாரணங்களைத் தேடுவதைவிட, ஒரே மனிதரின் கதையை எடுத்துக்கொண்டு அதிலேயே எல்லாச் சொற்களையும் பொருத்திப் பார்ப்பது நல்லது. ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்கு வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

அந்த மனிதர் கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடந்து செல்லும் இடைநகர்வை 1761 ஜூன் 6 அன்று புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக அவர் 1760 மார்ச்சிலேயே கப்பலேறினார். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணக்கிடுவதற்கு அந்த அளவீடுகள் தேவைப்பட்டன. அவர் வந்து சேர்வதற்குள் பிரிட்டிஷ் படை புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டதால், கப்பல் மொரிஷியஸ் தீவை நோக்கித் திரும்பியது. இடைநகர்வு நாளில் வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு பயன்படும்படியான எந்த அளவையும் அவரால் எடுக்க முடியவில்லை. இடைநகர்வுகள் எட்டு ஆண்டு இடைவெளியில் இணையாக வருபவை; அந்த இணை கடந்துபோனால் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனவே அவர் ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கி, 1768இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஓர் ஆய்வகம் எழுப்பிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் சூழ்ந்து சூரியனை மறைத்தது. இடைநகர்வு முடிந்த பிறகு வெயில் வந்தது. நோயும் புயலும் கடந்து 1771இல் பிரான்ஸ் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். உறவினர்கள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இனி சொற்களுக்கு வருவோம்.

அன்லக்கி: தற்செயலின் கணக்கில் எழுதுவது

1769ஆம் ஆண்டின் அந்த மேகத்துக்கு மிகப் பொருத்தமான சொல் ‘அன்லக்கி’. மேகத்துக்கு யார்மீதும் பகையில்லை. அது வேறு நேரத்தில் வந்திருக்கலாம், அந்த நேரத்தில் வந்தது, அவ்வளவுதான். ‘ஹீ வாஸ் அன்லக்கி வித் தி வெதர்’ என்று எழுதலாம். எந்தப் பொருளின் விஷயத்தில் அதிர்ஷ்டம் கைவிட்டதோ அதற்கு முன்னால் ‘வித்’ வரும். சீட்டாட்டம் போன்ற விளையாட்டு என்றால் ‘அன்லக்கி அட் கார்ட்ஸ்’ என்றும், காதல் என்றால் ‘அன்லக்கி இன் லவ்’ என்றும் முன்னிடைச்சொல் மாறும். இந்த மூன்றையும் விதியாக நினைவில் வைக்க முயல வேண்டாம். சொற்றொடராகவே மனத்தில் பதித்துக்கொள்வது எளிது.

வினைச்சொல்லோடு சேர்க்கும்போது ‘டு’ வரும்: ‘ஹீ வாஸ் அன்லக்கி டு மிஸ் தி டிரான்சிட்.’ இதற்கு நெருங்கிய ஆனால் சுவையான இன்னொரு அமைப்பு ‘அன்லக்கி நாட் டு’. கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பந்து வீச்சாளர் மட்டையின் விளிம்பை மூன்று முறை உரசிச் செல்லும்படி வீசியும் விக்கெட் விழாதபோது ‘ஹீ இஸ் அன்லக்கி நாட் டு கெட் எ விக்கெட்’ என்பார்கள். கிடைத்திருக்க வேண்டியது, அதற்குத் தகுதியும் இருந்தது, கிடைக்கவில்லை என்ற பொருள் அந்த ‘நாட் டு’வில் ஒளிந்திருக்கிறது. லெ ஜான்தி எட்டு ஆண்டு காத்திருந்தவர் என்பதால் ‘ஹீ வாஸ் அன்லக்கி நாட் டு சீ இட்’ என்பது அவருக்கு நியாயம் செய்யும் வாக்கியம். தேர்வுக்குப் படிக்காமல் போய்த் தோற்ற ஒருவரைப் பற்றி ‘அன்லக்கி நாட் டு பாஸ்’ என்று எழுதினால், அவருக்கு நீங்கள் வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடும்.

‘அன்லக்கி’க்கு மற்றொரு முகம் உண்டு. துரதிர்ஷ்டத்தை அனுபவிப்பவரை மட்டுமல்லாமல், துரதிர்ஷ்டத்தைக் கொண்டு வருவதாக நம்பப்படுவதையும் அது குறிக்கும். நாம் ‘ராசியில்லாத சட்டை’ என்கிறோமே, அது ‘ஆன் அன்லக்கி ஷர்ட்’. சட்டைக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை, அணிந்தவருக்குத்தான் நேர்ந்தது. ‘அன்லக்கி நம்பர்’ என்பதும் அப்படியே. இந்தப் பொருளில் ‘அன்ஃபார்ச்சுனேட்’ வரவே வராது; ‘அன்ஃபார்ச்சுனேட் நம்பர்’ என்றால் படிப்பவர் ஏதோ கணக்கில் தவறு நேர்ந்துவிட்டது என்று நினைப்பார்.

எண் என்றவுடன் நிலவை நோக்கிக் கிளம்பிய அப்போலோ 13 விண்கலம் நினைவுக்கு வருகிறது. 1970 ஏப்ரல் 11 அன்று ஹூஸ்டன் நேரப்படி பிற்பகல் 1 மணி 13 நிமிடத்துக்கு, அதாவது இருபத்துநான்கு மணிக் கடிகாரத்தில் 13:13க்கு அது புறப்பட்டது. ஏப்ரல் 13 அன்று அதன் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. ‘அன்லக்கி தர்ட்டீன்’ என்று எழுதுவதற்கு இதைவிட வசதியான நிகழ்ச்சி கிடைக்காது. ஆனால் விசாரணையில் தெரியவந்த காரணம் வேறு. அந்தத் தொட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுச் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்கு மட்டுமே தாங்கக்கூடியவையாக இருந்தன; ஏவுதளத்தில் செலுத்தப்பட்டதோ 65 வோல்ட். சுவிட்சுகள் செயலிழந்து, உள்ளே கம்பிகளின் மேலுறை முன்னதாகவே கருகிப்போயிருந்தது. காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த பிறகு ‘அன்லக்கி’ என்று எழுதுவது, ஒரு பொறியியல் தவறைத் தற்செயலின் தலையில் கட்டுவதாகும். விண்வெளி வீரர் மூவரும் உயிரோடு திரும்பியதைச் சொல்லும்போது வேண்டுமானால் ‘லக்கி’ என்ற சொல்லுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

இந்த இரட்டைப் பொருள் காரணமாக ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். கணவரை இழந்த பெண்ணைப் பற்றி ‘ஷீ இஸ் ஆன் அன்லக்கி வுமன்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் இரக்கத்தோடுதான் எழுதினார். ஆனால் அந்த வாக்கியத்தை ‘ராசியில்லாதவள்’ என்றும் படிக்க முடியும். நம் ஊரில் அந்தச் சொல் எத்தனை பெண்களை வீட்டு விசேஷங்களில் பின்கட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். மனிதர்களைப் பற்றி நிலையான குணம்போல ‘அன்லக்கி’ என்று சொல்வதைத் தவிர்த்து, நடந்ததை நடந்தபடி ‘ஷீ லாஸ்ட் ஹர் ஹஸ்பெண்ட்’ என்று எழுதுவதே சரி.

பெயர்ச்சொல் தேவைப்படும்போது பலர் தடுக்கி விழும் இடம் இது: ‘அன்லக்கி’ உண்டு என்பதால் ‘அன்லக்’ என்றும் ஒரு சொல் இருக்கும் என்று எண்ணி ‘இட் இஸ் மை அன்லக்’ என்று எழுதிவிடுகிறோம். வழக்கில் இருப்பது ‘பேட் லக்’. அதை எண்ண முடியாது, ஆகவே முன்னால் ‘எ’ வராது. ஒன்று என்று எண்ணிச் சொல்லியே ஆக வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் பேட் லக்’ என்றும், அடுக்கடுக்காக வந்தால் ‘எ ரன் ஆஃப் பேட் லக்’ என்றும் எழுதலாம். ‘எனக்கு அதிர்ஷ்டம் இல்லை’ என்ற நம் நான்காம் வேற்றுமையை அப்படியே பெயர்த்து ‘ஃபார் மீ தேர் இஸ் நோ லக்’ என்று எழுதுவதும் வேண்டாம்; ‘ஐ ஹேட் நோ லக்’ என்றால் போதும். தமிழில் ‘அவர் துரதிர்ஷ்டசாலி’ என்பது பெயர்ச்சொல்லில் முடிகிறது, ஆங்கிலத்திலோ பெயரடையில் முடிகிறது. அதனால்தான் ‘ஹீ இஸ் ஆன் அன்லக்கி’ என்று பாதியில் நிற்கும் வாக்கியங்கள் பிறக்கின்றன. ஒன்று ‘ஆன்’ போக வேண்டும், அல்லது பின்னால் ‘மேன்’ போன்ற ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும்.

பேருந்தைத் தவறவிட்டவரின் ‘எல்லாம் என் நேரம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் பெயரடையே தேவையில்லை. ‘ஜஸ்ட் மை லக்’ என்பார்கள். ‘பேட்’ என்ற சொல் இல்லாமலே கெட்டது என்று புரியும். அதில் இருக்கும் சலிப்பும் லேசான சிரிப்பும் நம் முணுமுணுப்பில் இருப்பவைதாம்.

அன்ஃபார்ச்சுனேட்: வருத்தம் உண்டு, குற்றவாளி இல்லை

அகராதி இரண்டையும் ‘துரதிர்ஷ்டமான’ என்றே பெயர்த்தாலும், ‘அன்ஃபார்ச்சுனேட்’ ஒரு படி சட்டை போட்டுக்கொண்ட சொல். நண்பரிடம் பேசும்போது ‘அன்லக்கி’, அலுவலகக் கடிதத்தில் ‘அன்ஃபார்ச்சுனேட்’ என்பது முதல் வேறுபாடு. இலக்கணத்திலும் அது கொஞ்சம் விரிந்து நிற்கும். ஒரு முழுச் செய்தியையே பெயரடையின் கீழ் கொண்டுவர ‘இட் இஸ் அன்ஃபார்ச்சுனேட் தட்’ என்று தொடங்கலாம்: ‘இட் இஸ் அன்ஃபார்ச்சுனேட் தட் தி அகாடமி கேவ் ஹிஸ் சீட் அவே.’ இங்கே ‘அன்லக்கி தட்’ பெரும்பாலும் ஒட்டாது. மேகம் தற்செயல், கழகம் எடுத்ததோ ஒரு முடிவு. மனிதர்கள் எடுத்த முடிவால் விளைந்த கெடுதலைச் சுட்டும்போது ‘அன்ஃபார்ச்சுனேட்’டே இயல்பாக வருகிறது. ஒருவர் எந்த விஷயத்தில் தொடர்ந்து இழந்தார் என்று சொல்ல ‘இன்’ சேரும்: ‘ஹீ வாஸ் அன்ஃபார்ச்சுனேட் இன் ஹிஸ் டைமிங்.’

இதன் வினையடையைப் பற்றி நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் ‘ஆன’ வரும் இடத்தில் பெயரடை, ‘ஆக’ வரும் இடத்தில் வினையடை. ‘துரதிர்ஷ்டமான நிகழ்ச்சி’ என்றால் ‘ஆன் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்’. ‘துரதிர்ஷ்டவசமாக மேகம் வந்தது’ என்றால் ‘அன்ஃபார்ச்சுனேட்லி, கிளவுட்ஸ் கேம்’. ‘அன்ஃபார்ச்சுனேட்லி இன்சிடென்ட்’ என்று எழுதத் தோன்றும்போது தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘துரதிர்ஷ்டவசமாக நிகழ்ச்சி’ என்று நாக்கு தட்டும், பிழை தெரிந்துவிடும். எழுத்தில் அந்த வினையடைக்குப் பிறகு காற்புள்ளி இடுவதை மறக்க வேண்டாம். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘மிஸ்ஃபார்ச்சூன்’; இது எண்ணக்கூடியது, ஆகவே ‘மெனி மிஸ்ஃபார்ச்சூன்ஸ்’ என்று எழுதலாம்.

இச்சொல்லுக்கு ஒரு வெட்டும் முனை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘ஆன் அன்ஃபார்ச்சுனேட் ரிமார்க்’ என்று ஒருவருடைய பேச்சைக் குறிப்பிட்டால், அந்தப் பேச்சுக்கு ஏதோ கெட்ட காலம் என்று பொருளில்லை. சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டார் என்று பொருள். ‘ஆன் அன்ஃபார்ச்சுனேட் சாய்ஸ் ஆஃப் வர்ட்ஸ்’ என்பதும் அதே கண்டனத்தின் நாகரிக வடிவம்தான். மேலதிகாரி உங்கள் மின்னஞ்சலைப் பற்றி இப்படி எழுதினால், அவர் உங்களுக்காக வருந்துகிறார் என்று எண்ணி நன்றி சொல்லிவிட வேண்டாம்.

அதன் எதிர் எல்லையில், குற்றத்தை மறைக்கும் திரையாகவும் இது பயன்படுகிறது. பாலம் இடிந்தாலும், மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்தாலும், கூட்ட நெரிசலில் உயிர் போனாலும் அதிகாரபூர்வ அறிக்கையில் ‘ஆன் அன்ஃபார்ச்சுனேட் இன்சிடென்ட்’ என்ற சொற்றொடர் வந்து உட்கார்ந்துவிடும். அதில் வருத்தம் இருக்கிறது, செய்தவர் இல்லை. ஒருமுறை எனக்கு வர வேண்டிய புத்தகப் பொட்டலம் வழியிலேயே தொலைந்துபோனது. அனுப்பிய நிறுவனம் ‘இட் இஸ் அன்ஃபார்ச்சுனேட் தட் யுவர் பார்சல் வாஸ் லாஸ்ட்’ என்று பதில் எழுதியது. பொட்டலம் தானாக நடந்துபோய்த் தொலைந்த மாதிரி! மன்னிப்புக் கேட்பதே உங்கள் நோக்கம் என்றால் ‘வீ ஆர் சாரி தட் வீ லாஸ்ட் யுவர் பார்சல்’ என்று எழுத வேண்டும். ‘வீ’ என்ற எழுவாய் வந்தவுடன் பொறுப்பும் வந்துவிடுகிறது.

இரங்கல் கடிதத்தில் இதைத் தவிர்ப்பது நலம். ‘யுவர் ஃபாதர்ஸ் அன்ஃபார்ச்சுனேட் டெத்’ என்பது காவல்துறைக் குறிப்புபோலக் குளிர்ந்து கிடக்கும். ‘யுவர் அன்ஃபார்ச்சுனேட் ஃபாதர்’ என்றால் அந்த மனிதரின் வாழ்க்கை முழுவதுமே வீணானது என்பதுபோல ஒலிக்கும். ‘ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்பதற்கு மேல் பெயரடை எதுவும் தேவையில்லை.

ஹேப்லஸ்: இரக்கத்தோடு கொஞ்சம் சிரிப்பு

‘ஹேப்’ என்பது இடைக்கால ஆங்கிலத்தில் தற்செயல், நற்பேறு என்ற பொருளில் வழங்கிய சொல். அது ஸ்காண்டிநேவிய நாடுகளில் முன்பு பேசப்பட்ட பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. இன்று தனியாக யாரும் அதைச் சொல்வதில்லை என்றாலும், ‘ஹேப்பன்’, ‘ஹேப்பி’, ‘பர்ஹேப்ஸ்’, ‘மிஸ்ஹேப்’ ஆகியவற்றுக்குள் இன்னும் குடியிருக்கிறது. அந்த ‘ஹேப்’ இல்லாதவர் ‘ஹேப்லஸ்’. உச்சரிக்கும்போது தொப்பியைக் குறிக்கும் ‘கேப்’ என்ற சொல்லோடு எதுகை சேர வேண்டும். ஓசை நெருக்கத்தால் ‘ஹோப்லெஸ்’, ‘ஹெல்ப்லெஸ்’ என்ற இரண்டோடும் இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. முதலாவது நம்பிக்கைக்கு இடமில்லாத நிலை, இரண்டாவது தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலை. ‘ஹேப்லஸ்’ என்பது தொட்டதெல்லாம் தவறிப்போகிற ஆளைப் பற்றியது.

தமிழில் இதற்கு ஈடான ஒற்றைச் சொல் எனக்குத் தோன்றவில்லை. ‘பாவம், அந்த ஆள் எங்கே போனாலும் மாட்டிக்கொள்கிறார்’ என்று நாம் ஒரு வாக்கியத்தில் சொல்வதை ஆங்கிலம் ஒரு பெயரடையில் அடைக்கிறது. அந்த ஆளிடம் கொஞ்சம் அப்பாவித்தனமும் இருப்பதாகச் சொல் உணர்த்தும். போர் நடக்கும் ஊருக்குக் கப்பலேறியவர், எட்டு ஆண்டு காத்திருந்து மேகத்தைப் பார்த்தவர், உயிரோடு வீடு திரும்பித் தன் சொத்துக்கே வழக்காட வேண்டியிருந்தவர் ஆகிய லெ ஜான்தியை ‘தி ஹேப்லஸ் அஸ்ட்ரானமர்’ என்று எழுதினால், படிப்பவர் உச்சுக் கொட்டிக்கொண்டே புன்னகைப்பார். இச்சொல் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும். ‘எ ஹேப்லஸ் டூரிஸ்ட்’, ‘எ ஹேப்லஸ் கோல்கீப்பர்’ என்பவை இயல்பானவை. ‘ஐ ஆம் ஹேப்லஸ் டுடே’ என்று யாரும் சொல்வதில்லை. ஒருமுறை நேர்ந்த தவறுக்கும் இது பொருந்தாது, வரிசையாக வர வேண்டும்.

புன்னகைக்கு இடமில்லாத இடத்தில் ‘ஹேப்லஸ்’ கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் நாட்டு ஆங்கிலச் செய்தித்தாள்கள் விபத்தில் இறந்தவர்களையும் ‘ஹேப்லஸ் விக்டிம்ஸ்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சொல்லின் பழைய பொருளை வைத்து அதை நியாயப்படுத்தலாம். எனக்கோ அது உறுத்துகிறது. அங்கே ‘விக்டிம்ஸ்’ என்பது மட்டும் நின்றாலே துயரம் முழுதாகத் தெரியும்.

‘பாவம்’ என்பதற்கு நேரான பெயரடை ஆங்கிலத்தில் ‘பூர்’ தான். ஆனால் அது இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். ‘தி பூர் மேன் வெய்டட் எய்ட் இயர்ஸ்’ என்று பெயருக்கு முன்னால் வைத்தால் ‘பாவம் மனிதர்’ என்று கொள்ள முடியும். ‘தி மேன் வாஸ் பூர்’ என்று பின்னால் வைத்தால் ஏழை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஆளின் பெயரோடு ‘பூர் லெ ஜான்தி’ என்று சொன்னால் ஐயத்துக்கே இடமில்லை.

இல்-ஃபேட்டட்: முடிவு தெரிந்த பிறகு சொல்வது

‘ஃபேட்’ என்றால் விதி. ஆனால் ‘இல்-ஃபேட்டட்’ என்று எழுதுகிறவர் விதியை நம்ப வேண்டும் என்பதில்லை. கதையின் முடிவு அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். புறப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போதே அழிவின் நிழலையும் சேர்த்துக் காட்டுவதுதான் இச்சொல்லின் வேலை. 1912 ஏப்ரல் 10 அன்று சவுதாம்டனில் டைட்டானிக் கப்பலில் ஏறியவர்கள் கையசைத்தார்கள் என்று எழுதும்போது ‘தி இல்-ஃபேட்டட் ஷிப்’ என்ற சொற்றொடர் படிப்பவரை ஏப்ரல் 15 அதிகாலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. 1845இல் ஆர்க்டிக் கடல்வழி தேடிப் போய் 129 பேரில் ஒருவரும் திரும்பாத ஃபிராங்க்ளின் பயணமும் ஆங்கில நூல்களில் ‘இல்-ஃபேட்டட் எக்ஸ்பெடிஷன்’ என்றே வழங்குகிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் கடல் கொண்டுபோன பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலை ‘தி இல்-ஃபேட்டட் டிரெயின்’ என்று குறிப்பிடுவதும் இம்மரபில் சேரும்.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. பயணம், கப்பல், முயற்சி, திருமணம் போன்று தொடக்கமும் முடிவும் உடையவற்றுக்கே இது பொருந்தும். நடந்து முடிந்தவற்றைப் பற்றியே எழுத முடியும். நாளை புறப்படவிருக்கும் கப்பலைப் பார்த்து ‘திஸ் இஸ் ஆன் இல்-ஃபேட்டட் ஷிப்’ என்று சொன்னால் அது சாபமாகும். சிறிய இழப்புகளுக்கும் இது பெரிய சொல்; வாடகை வண்டி பஞ்சரானதை ‘இல்-ஃபேட்டட் ஜர்னி’ என்று எழுதினால் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், கேலிதான் நோக்கம் என்றால் தாராளமாக எழுதலாம். நடுவில் இணைப்புக்கோடு இடுவது வழக்கம்.

விதிக்குப் பதிலாக விண்மீனைப் பழித்தால் ‘இல்-ஸ்டார்டு’. ‘டிசாஸ்டர்’ என்ற சொல்லுக்குள்ளும் கெட்ட விண்மீன் ஒன்று இருக்கிறது. வானியலாளர் ஒருவரை ‘இல்-ஸ்டார்டு’ என்று அழைப்பதில் சிலேடை இருப்பதால் எழுத்தாளர்கள் லெ ஜான்தியிடம் அந்த ஆசையை அடக்க முடியாமல் தவிப்பார்கள். ‘ஸ்டார்-கிராஸ்டு’ என்பதைக் காதலர்களுக்கு விட்டுவிடுங்கள். ஷேக்ஸ்பியர் அதை ரோமியோ ஜூலியட்டுக்குக் கொடுத்த பிறகு வேறு யாருக்கும் அது சரியாகப் பொருந்துவதில்லை.

இனாஸ்பிஷஸ்: பறவை பார்த்துச் சொல்லும் சொல்

பண்டைய ரோமில் பறவைகள் பறக்கும் திசையைக் கண்டு நல்லது கெட்டது சொன்னவரை ‘ஆஸ்பெக்ஸ்’ என்றார்கள். பறவை பார்ப்பவர் என்பது அதன் பொருள். அந்த வேரிலிருந்து ‘ஆஸ்பிஷஸ்’ வந்தது, அதன் எதிர்ச்சொல் ‘இனாஸ்பிஷஸ்’. நம் சங்கப் பாடல்களில் ‘புள்’ என்பது பறவையையும் நிமித்தத்தையும் ஒருசேரக் குறிப்பதையும், ‘சகுனம்’ என்பதன் வேரான வடசொல்லுக்கும் பறவை என்ற பொருள் இருப்பதையும் நினைத்துப் பார்த்தால் இச்சொல் நமக்கு மறக்காது.

திருமண அழைப்பிதழ்களில் ‘ஆஸ்பிஷஸ் அக்கேஷன்’ என்று அச்சிட்டுப் பழகிய நாம், அதன் எதிர்ச்சொல்லை ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் ஒதுக்கிவிடுகிறோம். ராகு காலத்தை ‘ஆன் இனாஸ்பிஷஸ் அவர்’ என்று விளக்குவது சரிதான். ஆனால் பொதுவான ஆங்கிலத்தில் இதற்கு ஜோதிடத் தொடர்பு இப்போது மிகவும் மெலிந்துவிட்டது. தொடக்கமே சரியாக இல்லை, இனி எப்படிப் போகுமோ என்ற அளவில்தான் இது வழங்குகிறது. முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் இழந்த அணிக்கு அது ‘ஆன் இனாஸ்பிஷஸ் ஸ்டார்ட்’. பின்னர் அந்த அணி வென்றாலும் சொல் பொய்யாகாது. ‘இல்-ஃபேட்டட்’ முடிவிலிருந்து திரும்பிப் பார்க்கிறது, இது தொடக்கத்தில் நின்றுகொண்டு முன்னே பார்க்கிறது. ஆளுக்கு இதை அடையாக்க வேண்டாம்.

எழுதிப் பழகுவதற்கு ஒரு பத்தி

மேலே சொன்னவற்றை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க, லெ ஜான்தியின் கதையை ஆறு சிறிய ஆங்கில வாக்கியங்களில் எழுதிப் பார்ப்போம்.

‘தி வாயேஜ் ஹேட் ஆன் இனாஸ்பிஷஸ் ஸ்டார்ட். தி பிரிட்டிஷ் டுக் பாண்டிச்சேரி பிஃபோர் ஹீ கேம். ஹீ வெய்டட் எய்ட் இயர்ஸ் அண்ட் வாஸ் அன்லக்கி வித் தி வெதர். அன்ஃபார்ச்சுனேட்லி, தி அகாடமி தாட் ஹீ வாஸ் டெட். தி ஹேப்லஸ் அஸ்ட்ரானமர் ஹேட் டு ஃபைட் ஃபார் ஹிஸ் ஓன் மணி. நோ ஒன் ரிமெம்பர்ஸ் தட் இல்-ஃபேட்டட் வாயேஜ் வித்தவுட் எ ஸ்மைல்.’

இரண்டாம் வாக்கியத்தில் பெயரடை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புதுச்சேரியைக் கைப்பற்றியவர் யார் என்று தெரியும், எனவே அங்கே அதிர்ஷ்டத்தைப் பேச வேண்டிய தேவை எழவில்லை. மற்ற ஐந்திலும் பெயரடைகளை இடம் மாற்றிப் பாருங்கள். ‘ஹேப்லஸ் வித் தி வெதர்’ ஒட்டாது. ‘அன்லக்கிலி, தி அகாடமி தாட்’ என்று எழுதினால் கழகத்தின் அவசரமும் மேகத்தைப் போன்ற தற்செயல் ஆகிவிடும். ‘அன்ஃபார்ச்சுனேட் வாயேஜ்’ என்றால் பயணத்தையே தொடங்கியிருக்க வேண்டாம் என்ற தொனி வரும்.

ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய தேவை வந்தால் ‘அன்லக்கியர்’, ‘அன்லக்கியஸ்ட்’ என்று சொல்லின் வாலை நீட்டலாம். ‘அன்ஃபார்ச்சுனேட்’டுக்கு முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ வரும். ‘இல்-ஃபேட்டட்’டை ஒப்பிடுவது வழக்கமில்லை.

ஆறாம் வாக்கியத்தில் பயணத்துக்குக் கொடுத்த பெயரடையை ஆளுக்கு மாற்றி ‘தி இல்-ஃபேட்டட் அஸ்ட்ரானமர்’ என்று எழுதலாமா என்று ஒரு மாணவி கேட்டார். முடியாது. பயணம்தான் கெட்டு முடிந்தது. லெ ஜான்தி தன் இடத்தை அறிவியல் கழகத்தில் திரும்பப் பெற்றார், திருமணம் செய்துகொண்டார், ஒரு மகளுக்குத் தந்தையானார், புதுச்சேரியையும் தான் சுற்றிய கடல்களையும் பற்றி எழுதினார், 1792இல் அறுபத்தேழாம் வயதில் இறந்தார்.